கடைசித் தேதி எது சார்?

வங்கியில் வேலை பார்ப்பவனுக்குத் தேதி என்றால் தனி மரியாதை உண்டு. மார்ச் 31 என்றால் திருநெல்வேலிக் கிளைக்கும் மார்ச் 31தான், கரோல் பாக் கிளைக்கும் மார்ச் 31தான். வாக்காளர் பட்டியலுக்கும் அப்படி நாடு முழுக்க ஒரே கடைசித் தேதி இருக்கும் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இருக்கிறது, ஆனால் இல்லை! அந்தக் கதைதான் இது.

முதலில் பழைய கதை. 1935ஆம் வருட இந்திய அரசுச் சட்டத்தில் யாருக்கு ஓட்டு என்பது மாகாணத்துக்கு மாகாணம் மாறும். இங்கே ஒரு வரி, அங்கே ஒரு சொத்து, இன்னோரிடத்தில் ஒரு படிப்பு. இந்தக் குழப்பத்தில் வளர்ந்த நிர்வாகத்திடம்தான், 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு என்று பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். அரசியல் சாசனம் எழுதி முடிப்பதற்கு முன்பே, 1948லேயே அரசியல் நிர்ணய சபையின் செயலகம் அந்த வேலையைத் தொடங்கிவிட்டது. 1949 ஜனவரி 1 அன்று 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஓர் ஊரில் குறைந்தது 180 நாள் வசித்திருக்க வேண்டும் என்று எல்லா மாகாணங்களுக்கும் ஒரே அளவுகோல்.

உடனே ஒரு சிக்கல். பிரிவினையில் உடுத்திய துணியோடு டெல்லிக்கு வந்து சேர்ந்த அகதிக்கு 180 நாளுக்கு எங்கே போவது? இங்கேயே நிரந்தரமாக வசிக்கப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று வழி செய்தார்கள். விதி ஒன்றாக இருக்க வேண்டும், ஆனால் அது ஆளை வெளியே தள்ளக்கூடாது என்பது அவர்களுக்கு அப்போதே புரிந்திருக்கிறது.

அடுத்தது நம்மைப் போன்றவர்களைப் பற்றியது. முதலில் மாநிலத்துக்கு ஒரு தேர்தல் ஆணையம் வைப்பதாகத்தான் வரைவில் இருந்தது. 1949 ஜூன் 15 அன்று அம்பேத்கர் அதை மாற்றி, மத்தியில் ஒரே ஆணையம் என்று திருத்தம் கொண்டுவந்தார். அவர் சொன்ன காரணம்: சில மாகாணங்களில் இனத்தாலும் பண்பாட்டாலும் மொழியாலும் வேறுபட்டவர்களைப் பட்டியலில் சேர்க்காமல் தவிர்க்கிறார்கள் என்று செய்தி வருகிறது. அதாவது, வெளியூர்க்காரன் பெயர் விட்டுப்போகிறது! ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ இருக்கும் தமிழ்க் குடும்பத்தின் பெயரை டெல்லிப் பட்டியலில் சேர்க்க யாரும் மறுக்க முடியாது என்றால், அதற்குப் பின்னால் இந்தத் திருத்தமும் இருக்கிறது.

அதற்குப் பிறகும் தேதிச் சிக்கல் தீரவில்லை. பல பத்தாண்டுகள் தகுதித் தேதி ஜனவரி 1 ஒன்றுதான். 1989ல் ஓட்டு வயது 21லிருந்து 18 ஆனபோதும் இது மாறவில்லை. ஜனவரி 2ஆம் தேதி பிறந்த பிள்ளை பெயரைச் சேர்க்க ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2021ல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 ஆகஸ்ட் 1 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒன்றாம் தேதிகள் என நான்கு தகுதித் தேதிகள் வந்தன. 17 வயதானதும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

சரி, இனி கடைசித் தேதிக்கு வருவோம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் உறைந்துவிடும். 1950ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. விண்ணப்பத்தைப் பார்வைக்கு வைத்து ஆட்சேபணை கேட்க அவகாசம் வேண்டும் என்பதால், அதற்குப் பத்து நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

2024 மக்களவைத் தேர்தலைப் பாருங்கள். அறிவிப்பு வந்தது மார்ச் 16. தமிழ்நாடு முதல் கட்டம், வேட்புமனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 27. டெல்லி ஆறாம் கட்டம், கடைசி நாள் மே 6. பத்து நாளைக் கழித்தால் தமிழ்நாட்டுக்காரருக்கு மார்ச் 17, டெல்லிக்காரருக்கு ஏப்ரல் 26. அறிவிப்பைக் கேட்டு விழித்துக்கொண்டவருக்கு அங்கே ஒரே நாள் அவகாசம், இங்கே 41 நாள்! ஓட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் இரண்டும் ஏறக்குறைய ஒரு மாதம்தான். ஆகவே கோளாறு ஒரு மாதக் கெடுவில் இல்லை. அறிவிப்புக்கும் கெடுவுக்கும் நடுவே குறைந்தபட்சம் இத்தனை நாள் என்று எந்த உறுதியும் இல்லை, அதுதான் கோளாறு. இரண்டு வாரம் என்று ஒரு விதி வைத்தால் போதும் என்பது என் கட்சி. கட்டங்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும்.

உள்ளாட்சித் தேர்தல் தனிக் கதை. அது மாநிலத் தேர்தல் ஆணையங்களின் பொறுப்பு. தமிழ்நாட்டில் சட்டமன்றப் பட்டியலை வைத்தே உள்ளாட்சிப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். கேரளாவில் உள்ளாட்சிக்குத் தனிப் பட்டியல். ஒன்றில் பெயர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தவர் மற்றதில் இல்லாமல் போகலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் போதும் என்று சட்ட ஆணையம் 2015லேயே தன் 255ஆவது அறிக்கையில் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைவிட வேடிக்கையைப் பார்த்திருப்பார்கள். டெக்சாஸில் 30 நாள் முன்பே பதிய வேண்டும். மினசோட்டாவில் ஓட்டுப் போடும் அன்றே பதியலாம். வடக்கு டகோடாவில் பதிவே கிடையாது. அந்த நாட்டில் ஒரு மாநிலத்திலிருந்து அடுத்ததற்குக் குடிபெயர்ந்தால் எல்லாவற்றையும் புதிதாகப் படிக்க வேண்டும். நமக்கு அந்தத் தலைவலியில் முக்கால்வாசி இல்லை.

மீதிக் கால்வாசிக்கு நாம்தான் பொறுப்பு. வீடு மாறினால், ஊர் மாறினால், இப்போது படிவம் 8. இங்கேயும் ஊரிலுமாக இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருஷம் வரை சிறைகூட உண்டு. ஊரில் பெயர் இருந்தால்தான் ஊர்க்காரன் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு. ஆனால் தண்ணீர் வராவிட்டால் நாம் போய் நிற்பது டெல்லிக் கவுன்சிலரிடம்தானே? எங்கே வாழ்கிறோமோ அங்கே ஒரு பெயர். அதையும் அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வீட்டில் எல்லார் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.