சொல் மாறிய வரலாறு

சமூகத்தின் மனமாற்றத்தை அதன் சொற்களிலும் காணலாம். தன்பாலீர்ப்பாளரைக் குறிக்க நாம் வழங்கிய சொற்களே அதற்குச் சான்று.

ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானது என்று கூறி இவ்வுறவைக் குற்றமாக்கியது. 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் வயதுவந்தோரின் இசைவான உறவை அப்பிரிவினின்று விலக்கியது. 2013இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று தானே அதனைத் திருத்திக்கொண்டது. ஒன்பது ஆண்டுகளில் ஒரே மனிதர் குற்றமற்றவராகவும், குற்றவாளியாகவும், மீண்டும் குற்றமற்றவராகவும் ஆனார். அவர் மட்டும் மாறவேயில்லை.

ஆயினும், அதன் பின்னரே மதுரைப் பெண்கள் இருவர் பெற்றோர்க்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து, சென்னை உயர்நீதிமன்றத்தில் பாதுகாப்பு வேண்டினர். நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் தம் அறியாமையை ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் கற்றறிந்து, 2021இல் ஆணை பிறப்பித்தார். 'மாற்றும் சிகிச்சை'யைத் தடை செய்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழக அரசு கண்ணியமான கலைச்சொற்களை வெளியிட்டது.

செய்தித்தாள்கள் வழங்கிய 'ஓரினச்சேர்க்கை' உடலை மட்டுமே சுட்டும். இன்று பரவிவரும் 'தன்பாலீர்ப்பு' மனத்தைச் சுட்டும். இது சிறு மாற்றமன்று. எனினும் அவ்விரு பெண்களும் அஞ்சியது சட்டத்தை அன்று, பிறந்த வீட்டை. ஏட்டில் ஏறிய இச்சொல் நம் இல்லங்களில் இன்னும் புழங்கவில்லை.