காத்திருப்போர் குழு: போர் சார்ந்த உளவியல் ஆய்வில் ஓர் அறக் கேள்வி

துன்பப்பட்ட பிள்ளைகளை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு உளச்சமூக உதவியை வழங்கி, மற்றதைக் காத்திருக்க வைப்பது முறையா? பரிசோதனை ஆய்வுக்கு எதிராக இலங்கையின் வடக்கில் முதலில் எழக்கூடிய ஆட்சேபம் இது. ஒப்பிட்டுப் பார்க்காமல் வழங்கும் உதவியே கூடுதலான அறக் கேள்விக்கு உரியது என்பது இக்கட்டுரையின் வாதம். அளவீடு, பண்புசார் ஆய்வு ஆகிய ஏனைய இரு முறைகள் எங்கே நின்றுவிடுகின்றன என்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை நடந்த வீட்டு அளவீட்டின் முடிவுகள் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயின. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் 7.0 சதவீதத்தினரிடமும், பதகளிப்பு 32.6 சதவீதத்தினரிடமும், மனச்சோர்வு 22.2 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. இடம்பெயர்ந்திருந்தோரிடம் மூன்றுமே கூடுதலாக இருந்தன. ஆனால் அவர்கள் அனுபவித்த நெருக்கீட்டு நிகழ்வுகளையும் கணக்கில் எடுத்ததும் இடப்பெயர்வுக்கும் நோய்க்கும் இடையிலான அந்தத் தொடர்பு மறைந்தது. வெறும் சதவீதங்களை வைத்துக் காரணம் கூறுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதுவே சான்று. தேவையின் அளவை அளவீடு காட்டும். எந்த உதவி பயன் தரும் என்பதை அதனால் கூற முடியாது.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட கூட்டு நெருக்கீடு பற்றிய ஆய்வு வேறு வழியில் சென்றது. பங்கேற்று அவதானித்தல், முக்கிய தகவலாளர் நேர்காணல், குழுக் கலந்துரையாடல் ஆகியவற்றின் மூலம் குடும்பமும் ஊரும் செயற்படும் விதமே மாறிப்போனதை அது வெளிக்கொணர்ந்தது. அவநம்பிக்கை, பிறரில் தங்கியிருத்தல், வாய்திறவாமை என்பன தனிமனிதரிடம் நிரப்பப்படும் வினாக்கொத்தில் எளிதில் அகப்படாதவை. எதைக் கேட்க வேண்டும் என்பதை இத்தகைய ஆய்வே கற்பிக்கிறது. எனினும் சிகிச்சையின் விளைவை நிறுவுவது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அந்த எல்லையைக் கடந்தது 2012இல் வெளியான ஒரு பரிசோதனை. வட இலங்கையில் 399 பிள்ளைகள் கொத்தணி முறையில் எழுமாறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் பாடசாலையில் 5 வாரங்களில் 15 அமர்வுகளில் பங்குபற்றினர், மற்றையோர் காத்திருந்தனர். நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. மனவடு அறிகுறிகளைப் பொறுத்தவரை ஆண்பிள்ளைகளுக்கே பயன் கூடுதலாக இருந்தது. பெண்பிள்ளைகளிலோ, அமர்வுகளுக்குச் சென்றோரைவிடக் காத்திருந்தோரிடமே மனவடு அறிகுறிகள் அதிகம் குறைந்தன.

காத்திருந்தோர் குழு இல்லாதிருந்தால், அமர்வுகளுக்குச் சென்ற சிறுமிகளிடம் அறிகுறிகள் சற்றுக் குறைந்ததையே வெற்றியாக எழுதியிருப்போம். காலம் தானாகத் தந்த ஆறுதல் திட்டத்தின் கணக்கில் சேர்ந்திருக்கும். அந்த இயல்பான ஆறுதலை அமர்வுகளே தடுத்திருக்கலாம் என்பது எவருக்கும் தெரிந்திராது.

இனி ஆட்சேபத்துக்கு வருவோம். பயிற்றப்பட்ட உளவளத்துணையாளர்களால் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே நேரத்தில் செல்ல முடியாது. எப்படியும் சில பிள்ளைகள் காத்திருக்கவே போகிறார்கள். யார் காத்திருப்பது என்பதை அறிமுகமும் வீதி வசதியும் தீர்மானிப்பதைவிடத் திருவுளச்சீட்டு தீர்மானிப்பதே நீதியானது. கடுமையான அறிகுறி உள்ள பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்காக உடனடிச் சிகிச்சை வேண்டும். பிள்ளைகளை இவ்வாறு காத்திருக்க வைக்கும் எந்தத் திட்டமும் ஆண், பெண் விளைவுகளைத் தனித்தனியே அளந்து, பாதகம் தெரிந்தால் நிறுத்தும் விதியை முன்கூட்டியே எழுதிவைப்பது அதன் குறைந்தபட்சக் கடமை.