5.44 லட்சம் 13,610 ஆன கதை

தோழர்களே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக இருக்கும் ஒருவரின் மகளுக்குக் கலந்தாய்வில் மருத்துவ இடம் கிடைக்கிறது என்று வையுங்கள். கல்லூரி சிதம்பரம் ராஜா முத்தையா என்றால், 2020இல் அவள் ஆண்டுக்குக் கட்ட வேண்டியது 5.44 லட்சம் ரூபாய். ஸ்டான்லியில் சேர்ந்தவளுக்குச் சுமார் 13,600தான்.

இத்தனைக்கும் 2013லேயே தனிச்சட்டம் போட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டது. நிர்வாகம் மாறியது, தனியார் காலத்துக் கட்டணம் மாறவில்லை.

பட்டியலின மாணவர்களுக்கு அரசாணை 92 இருந்ததே என்பீர்கள். இருந்தது, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டாதவரை. அப்பா ஓவர்டைம் பார்த்து அந்தக் கோட்டைக் கடந்தால் மொத்தச் சுமையும் வீட்டின் தலையில்.

2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள், கொரோனாப் பணி பார்த்த பயிற்சி மருத்துவர்களும் சேர்ந்துதான். நந்தனை வாசலோடு நிறுத்திய ஊர் அது. காலவரையற்ற விடுமுறை அறிவித்து விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகள் நகரவில்லை. ஜனவரி 27 அன்று கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி ஆணை வந்தது. கைதட்டி எழுந்துபோயிருக்கலாம். கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கொடுங்கள் என்று அப்போதும் உட்கார்ந்திருந்தார்கள்.

அது பிப்ரவரியில்தான் வந்தது: எம்பிபிஎஸ் 13,610, பிடிஎஸ் 11,610.