துணியால் ஒரு வேலி

வரலாறு என்றால் கல்வெட்டு, செப்பேடு, கோட்டை என்றுதான் நம்ம வகுப்பில் படித்தோம். திறந்தவெளியில் துணி கட்டிய ஒருவருக்கும் வரலாற்றில் இடமுண்டு என்று யாராவது சொல்லியிருந்தா அன்று சிரித்திருப்போம்.

கிறிஸ்டோ 1935-இல் பல்கேரியாவில், நெசவாலைகளுக்குப் பேர்போன கப்ரோவோ ஊரில் பிறந்தவர். சோபியா கலைக்கல்லூரி மாணவர்களை அன்றைய கம்யூனிச அரசு ரயில் பாதையோரப் பண்ணைகளுக்கு அனுப்புமாம். எதற்கு? ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் போகிற வெளிநாட்டார் கண்ணுக்கு எல்லாம் செழிப்பாகத் தெரியணும்! வைக்கோல் போரையும் இயந்திரங்களையும் பாங்காக மூடி வைக்க அங்கேதான் பழகினார் போலும். 1957-இல் நாட்டைவிட்டுத் தப்பினார். 1973-இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கும்வரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மனிதர்.

அப்படிப்பட்டவர் அடுத்தவர் நிலத்தில் வேலி போடக் கிளம்பியதுதான் வேடிக்கை. அவரும் மனைவி ழான்-குளோதும் 1976-இல் கலிபோர்னியாவில் எழுப்பிய ‘ஓடும் வேலி’ 18 அடி உயர வெள்ளை நைலான். நீளம் சுமார் 39 கிலோமீட்டர். மேடுபள்ளமெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் பசிபிக் கடலுக்குள் இறங்கியது. நின்றதோ 14 நாள்தான். அதற்கு முன் 59 பண்ணைக்காரர்களின் சம்மதம், 18 பொது விசாரணைகள், கோர்ட் படியேற்றம், 450 பக்கச் சுற்றுச்சூழல் அறிக்கை. “இதெல்லாம் ஒரு கலையா?” என்று கேட்டவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் மாடு மேய்க்கிறவர்களின் சமையலறையில் உட்கார்ந்து பேசிப் பேசியே சம்மதம் வாங்கினார்கள். என்னைக் கேட்டால், துணியைவிட அந்தப் பேச்சுதான் பெரிய வேலை. செலவு முழுக்க அவர் வரைந்த படங்களை விற்ற காசு. முடிந்ததும் துணியும் கம்பங்களும் பண்ணைக்காரர்களுக்கே போயின.

காற்று மட்டும் யார் சம்மதத்துக்கும் காத்திருக்கவில்லை. 1972-இல் கொலராடோ பள்ளத்தாக்கில் கட்டிய ஆரஞ்சுத் திரையை 28 மணி நேரத்தில் புயற்காற்று வீழ்த்திவிட்டது.

ழான்-குளோத் 2009-இலும், கிறிஸ்டோ 2020-இலும் காலமானார்கள். இதற்கிடையே சுவிட்சர்லாந்தில் ரோன் பனியாற்றின் மேலும் கோடைதோறும் வெள்ளைத் துணி ஏறியது. படத்தைப் பார்த்தால் இதுவும் கிறிஸ்டோவின் கைவண்ணம் என்றே தோன்றும். இல்லை. பனிக்குகையைக் காட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பம், வெயிலில் குகை உருகிப்போகாமலிருக்கப் போர்த்திய போர்வை அது. காற்றில் கிழிந்து, அழுக்கேறி, ஒட்டுப்போட்டு.