கரும்பிலிருந்து ரப்பருக்கு: சுங்கை பாக்காப் வட்டாரமும் சஞ்சிமுறையின் முடிவும்

பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' பாடியது பீஜித் தீவின் இந்தியப் பெண்களை எண்ணி. அப்பாடலைக் கற்பிக்கும் நம் வகுப்பறைகளில், அதே கரும்பு அதே சஞ்சிமுறையோடு சுங்கை பாக்காப்பைச் சூழ்ந்தும் விளைந்தது என்பது அரிதாகவே பேசப்படுகிறது. மலாயாத் தமிழர் வரலாறு என்றாலே ரப்பர் என்றாகிவிட்டது.

பினாங்கின் தென் செபராங் பிறையிலுள்ள இவ்வூர், கீ லாய் ஹுவாட் என்னும் சீனக் கரும்புத் தோட்டக்காரரால் உருவானது. இவ்வட்டாரத்தில் கரும்பைப் பெருமளவில் முதலில் பயிரிட்டோர் தியோச்சியூச் சீனரே. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை 1834இல் ஒழிக்கப்பட்டபின் ஆங்குச் சர்க்கரை உற்பத்தி குன்றியது. 1846இல் பிரிட்டிஷ் சந்தையில் பினாங்குச் சர்க்கரைக்குத் தீர்வைச் சலுகை கிடைத்தது. ஐரோப்பிய முதலாளிகள் பெருகினர். அவர்களைத் தொடர்ந்து நாகப்பட்டினத்துக் கப்பல்களில் தமிழ்க் கூலிகளும் பெருகினர்.

கரும்பின் இயல்பு ஈண்டு நோக்கத்தக்கது. வெட்டிய கரும்பை ஓரிரு நாளில் ஆலையில் பிழியாவிடின் சாற்றின் இனிப்புக் குறையும். எனவே, வேலையை விட்டு விலக இயலாத ஆள்களைத் தோட்டங்கள் நாடின. கப்பற்செலவைக் கடனாகச் சுமந்து, ஒப்பந்தம் மீறினால் சிறைசெல்லும் சஞ்சிக்கூலி அத்தேவைக்குப் பொருந்தினான். அவனுடைய ஊதியமோ கட்டுப்பாடற்ற தொழிலாளியினதைவிடக் குறைவு.

1880களில் ஐரோப்பிய அரசுகளின் மானியம் பெற்ற பீட்கிழங்குச் சர்க்கரை உலகச் சந்தையில் குவிந்தது, விலை சரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் தேவை உயர, 1910இல் அதன் விலை இறாத்தலுக்கு 12 ஷில்லிங்கையும் கடந்தது. கலிடோனியா, பைராம் முதலிய தோட்டங்களும் ரப்பருக்கு மாறின. புதிய பயிருக்கு வேண்டியவர் பல்லாயிரவர். சஞ்சிமுறை அத்தொகையினரைத் திரட்டப் போதாதாயிற்று. 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி அமைந்தது. தமிழ்த் தொழிலாளரை அமர்த்திய முதலாளிகள் அனைவரிடமும் வரி பெற்று, அந்நிதி இலவசப் பயணம் வழங்கியது.

1910ஆம் ஆண்டுச் சஞ்சி ஒழிப்பு பொதுவாக மனிதநேயக் குரல்களின் வெற்றியாகவே பேசப்படுகிறது. அக்குரல்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், சட்டம் வருமுன்னரே பயிர்மாற்றம் அம்முறையைத் தேவையற்றதாக்கிவிட்டது என்பதே நம் கருத்து. அதன்பின் வந்தவரைச் 'சுதந்திரத் தொழிலாளர்' என ஆவணங்கள் குறிப்பதையும் எச்சரிக்கையுடனேயே படித்தல் வேண்டும். அவர்களுள் பலர் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடன்பட்டே வந்தனர். அவர்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் ஆள்கணக்கில் கங்காணிக்குப் பணம் கிடைத்தது.