பதினேழு செயல்களும் ஒரு சொல்லும்

குழந்தையின் வளர்ச்சியை அளக்க நான்சி பெய்லி வகுத்த அளவுகோல் அமெரிக்கக் குழந்தைகளை அடிப்படையாகக் கொண்டது. பரோடா பல்கலைக்கழகத்தில் பிரமிளா பாடக் அதனை இந்தியக் குழந்தைகளிடம் ஆய்ந்து, இங்குள்ள வயது வரம்புகளைக் கண்டறிந்தார். அவற்றிலிருந்து 17 செயல்களைத் தேர்ந்து, எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991இல் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணையை வெளியிட்டனர். இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு உரியது அது. குழந்தையின் வயதுக்கு நேராகப் பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். அதன் இடப்புறமுள்ள செயல்களில் ஒன்றைச் செய்யாவிடினும் விரிவான பரிசோதனை தேவை. அங்கன்வாடிப் பணியாளரும் சில நிமிடங்களில் இதனைச் செய்துவிடலாம்.

வயது வரம்புகள் இந்தியாவுக்கு உரியவையாயின. சொற்கள் அவ்வாறு ஆகவில்லை. அப்பதினேழில் ஒன்று 'பேட் எ கேக்' என்னும் ஆங்கிலக் கைதட்டு விளையாட்டு. தமிழில் அதற்கு நேரான சொல் 'சப்பாணி'. பிள்ளைத்தமிழில் அது ஒரு பருவத்தின் பெயர். ஆனால் இன்றைய வழக்கில் அச்சொல் நடக்க இயலாதவரைக் குறிக்கிறது. தாயிடம் அதைச் சொல்லிக் கேட்டால் அவர் அஞ்சக்கூடும். ஆங்கிலப் பெயரைச் சொன்னாலோ விளங்காது. விளங்காத வினாவுக்கு வரும் 'இல்லை' என்ற விடை நலமான குழந்தையையும் பின்தங்கியதாகக் காட்டிவிடும். 'கைதட்டி விளையாடுகிறதா?' என்பதே போதும். அளவுகோலை மொழிபெயர்ப்போர் அகராதியோடு வழக்கையும் அறிந்திருக்க வேண்டும்.