பகிர்நினைவக ஆவணங்கள், யூனிக்ஸில்

ஒரே கணினியில் ஓடும் இரு நிரல்கள், தரவை நகலெடுக்காமல் நினைவகத்தின் ஒரே பகுதியில் எழுதியும் படித்தும் கொள்ளும் முறை பகிர்நினைவகம். இதை விளக்கும் யூனிக்ஸ் ஆவணங்களில் கணிசமானவை காலாவதியானவை. ஆனால் அவற்றின் மாதிரி நிரல்கள் பெரும்பாலும் இன்றும் ஓடுகின்றன. பழைய பக்கம் பழையது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

இந்த வசதியின் தொடக்கம் பெல் ஆய்வகத்தின் கொலம்பஸ் கிளை தன் உள்பயன்பாட்டுக்கு வைத்திருந்த யூனிக்ஸில் இருக்கிறது. 1983-இல் ஏடி அண்ட் டி வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ், ஷெம்கெட், ஷெம்அட் முதலிய அழைப்புகளாக அதைப் பொதுவுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி கையேடு, எம்மேப் என்ற மாற்று வழியை விவரித்தது. விவரிப்பு இருந்தது, நிரல் இல்லை; எழுத நேரம் கிடைக்கவில்லை. சன் நிறுவனம் 1988-இல் சன்ஓஎஸ் 4.0-இல் அதை நிறைவேற்றியது. பெர்க்லி வெளியீட்டில் அது வந்துசேர 1990 ஆயிற்று. ஆவணம் பின்தங்குவதே வழக்கம். இங்கே ஏழாண்டு முந்திக்கொண்டது.

1993-இல் போசிக்ஸ் தரம் ஷெம்ஓப்பன் என்ற மூன்றாம் வழியைச் சேர்த்தது. பழையதை யாரும் நீக்கவில்லை. ஆகவே மூன்று தலைமுறைப் பாடங்களும் அருகருகே நின்றன.

விரைவில் பழசானவை எண்கள். லினக்ஸில் ஒரு பகிர்துண்டின் இயல்புநிலை உச்ச அளவு, 2.2 பதிப்பிலிருந்து 32 எம்பி ஆக இருந்தது. தரவுத்தள நிறுவல் கையேடுகள் ஷெம்மேக்ஸ் எனப்படும் இந்த வரம்பைக் கூட்டும் கட்டளைகளுக்கே பக்கங்களை ஒதுக்கின. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 9.3 பதிப்பு (2013) தன் நினைவகத்தின் பெரும்பகுதியை எம்மேப்புக்கு மாற்றியது. மறு ஆண்டு லினக்ஸ் 3.16 அந்த வரம்பையே பெயரளவுக்கு ஆக்கிவிட்டது. அந்தக் கட்டளைகளை நகலெடுத்து ஒட்டும் நிர்வாகி, இன்று வரம்பைக் கூட்டுவதாக நினைத்துக் குறைத்துவிடக்கூடும்.

வாக்குறுதிகள் பழசாகவில்லை, சில முதலிலிருந்தே உறுதியற்றவை. கோப்பின் பெயரைக் கொண்டு எஃப்டோக் என்ற அழைப்பு, பகிர்துண்டை அடையாளம் காட்டும் தனித்த சாவி தரும் என்று பாடங்கள் நம்பவைத்தன. லினக்ஸில் அது கோப்பின் ஐநோட் எண்ணில் (கோப்பு முறைமை தரும் அடையாள எண்ணில்) கடைசி 16 பிட்டுகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே சாவி வரலாம். இக்காலக் கையேட்டுப் பக்கம் இதை ஒப்புக்கொள்கிறது.

ஆபத்தானது இன்னொன்று. ஒரு நிரல் தரவை எழுதிக் கொடி உயர்த்த, மற்றது கொடியைப் பார்த்துப் படிக்கும் எடுத்துக்காட்டு பழைய பாடங்களில் சாதாரணம். நினைவக வரிசையைப் பெரிதும் காக்கும் இன்டெல் செயலிகளில் அது பெரும்பாலும் பிழைத்தது. ஆர்ம் செயலியில் கொடி முதலிலும் தரவு பிறகும் தென்படலாம். மாறியை 'வாலடைல்' என்று அறிவித்தால் போதும் என்ற பழைய அறிவுரை இதைத் தடுக்காது. சி மொழியே நினைவக வரிசைக்கு விதி வகுத்தது 2011-இல்தான். அதற்கு முந்தைய பாடங்களில் இந்தப் பகுதியை ஒதுக்கிவிடுவதே நல்லது.

திருத்தப் பணியில் குறிப்பிடத்தக்கவர் மைக்கேல் கெரிஸ்க். 2004 முதல் லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களைப் பராமரித்த அவர், எந்த வரம்பு எந்தக் கர்னல் பதிப்பில் மாறியது என்பதையும் பக்கத்திலேயே பதிவுசெய்யும் முறையை வலுப்படுத்தினார். அந்தப் பதிவுகளின் தேவை தீரவில்லை: 1983-இன் ஷெம்கெட் இன்றைய லினக்ஸ் கர்னலிலும் போசிக்ஸ் தரத்திலும் நீடிக்கிறது.